விடுப்புக் கணக்கும் வர்க்கக் கணக்கும்

ஹைதராபாத்தின் மாதாப்பூரிலும் கச்சிபௌலியிலும் பணிபுரியும் தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் விடுப்புக்குத் தாளில் விண்ணப்பம் எழுதிய காலம் மறைந்துவிட்டது. வருகைப் பதிவு, விடுப்பு இருப்பு, ஊதியப் பிடித்தம் அனைத்தும் மனிதவள மென்பொருளுக்குள் அடங்கிவிட்டன. நாடெங்கும் நிறுவனங்கள் வாங்கிப் பயன்படுத்தும் டார்வின்பாக்ஸ், கேகா ஆகிய மென்பொருள்கள் உருவானதும் இதே நகரத்தில்தான்.

தொழில்நுட்பத்தின்மீது பகை கொள்ள வேண்டியதில்லை. தன் விடுப்பு இருப்பைத் தொழிலாளி தானே காண முடிவது நன்மையே. ஆனால் கணக்கின் விதிகளை எழுதுவது யார்? ஆண்டிறுதியில் எத்தனை நாள் காலாவதியாகும், வெள்ளியும் திங்களும் விடுப்பெடுத்தால் இடைப்பட்ட சனி, ஞாயிறும் கழிக்கப்படுமா என்பனவற்றை நிர்வாகமே தேர்ந்து மென்பொருளில் பதிகிறது. ஊழியருக்குத் தெரிவது முடிவு மட்டுமே. "சிஸ்டம் அனுமதிக்கவில்லை" என்ற பதிலுக்குப் பின்னால் முதலாளி வசதியாக மறைந்துகொள்கிறார்.

சட்டம் கூறுவது வேறு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 20 நாள் உழைப்புக்கு ஒரு நாள் ஊதிய விடுப்பு என வரையறுத்ததோடு, இடையில் வரும் விடுமுறை நாட்களை அதில் சேர்க்கலாகாது என்றும் கூறியது. தெலங்கானாவில் நடைமுறையிலுள்ள 1988ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டம், 240 நாள் பணிபுரிந்தவருக்கு 15 நாள் ஊதிய விடுப்பு அளிக்கிறது. நோய்க்கும் தற்செயல் தேவைக்கும் தலா 12 நாள் வரை தனியே உண்டு. ஊதிய விடுப்பு தொடர்பான பணி நிபந்தனையை மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பது 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் வகுத்த நெறி. புதிய தொழிலுறவுத் தொகுப்பிலும் அது நீடிக்கிறது. அந்நெறியை இன்று ஒரே சொடுக்கில் கடந்துவிட முடிகிறது.

அரசுகளோ முதலாளிகளின் பக்கமே நிற்கின்றன. 2025 ஜூலையில் தெலங்கானா காங்கிரஸ் அரசு வணிக நிறுவனங்களில் நாளொன்றுக்கு 10 மணி நேர வேலையை அனுமதித்தது. அதே ஆண்டு நவம்பர் 21 அன்று மோடி அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மேற்பார்வைப் பணியில் 18,000 ரூபாய்க்குமேல் ஊதியம் பெறுபவர் அவற்றின்படி 'தொழிலாளி' அல்லர். பதவிப் பெயரை மாற்றியே உரிமையைப் பறிக்க இது வழிசெய்கிறது.

பிரான்சில் 1936ஆம் ஆண்டின் மாபெரும் வேலைநிறுத்த அலையே இரண்டு வார ஊதிய விடுப்பைச் சட்டமாக்கியது. வெட்டி உழைப்பை எதிர்த்து வீரப்போர் புரிந்த தெலங்கானா மண்ணுக்கு இப்பாடம் புதிதன்று. விடுப்பு விதிகள் எழுத்து வடிவில் ஊழியர் அனைவருக்கும் அளிக்கப்பட வேண்டும்; சங்கத்துடன் பேசாமல் அவற்றில் மாற்றம் செய்யக் கூடாது; மென்பொருளில் பதியப்பட்ட விதிகளையும் தொழிலாளர் துறை ஆய்வு செய்ய வேண்டும். இக்கோரிக்கைகளைக் கண்ணாடி மாளிகைகளுக்குள் கொண்டுசென்று, அங்கு உழைப்போரைச் சங்கமாகத் திரட்டுவது நம் உடனடிக் கடமையாகும்.