சோற்றுக்கு அரை மணி கொடு. பிறகு உபதேசம் செய்!



இப்போது எங்கே திரும்பினாலும் ஒரு உபதேசம் காதில் விழுகிறது. கைபேசியைத் திறந்தால் ஒரு பெரிய மனிதர் சொல்கிறார். மருந்துச் சீட்டு எழுதும் டாக்டர் சொல்கிறார். ஆலையில் சுகாதார வகுப்பு எடுக்க வருகிறவரும் அதையேதான் சொல்கிறார்.

"உங்கள் வயிறு கெட்டதற்குக் காரணம் உங்கள் மனம். கவலையை விடுங்கள். நிதானமாக உட்கார்ந்து நன்றாக மென்று சாப்பிடுங்கள். நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குங்கள். வயிறு தானே சரியாகிவிடும்!"

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கவலைக்கும் வயிற்றுக்கும் சம்பந்தமே இல்லை என்று நாம் வாதாட வரவில்லை. சம்பந்தம் உண்டு, விஞ்ஞானம் அதை நிரூபித்திருக்கிறது. நாம் கேட்பது வேறு. நேரத்துக்குச் சாப்பிடு என்கிறாயே, அந்த நேரம் யார் கையில் இருக்கிறது? கவலையை விடு என்கிறாயே, அந்தக் கவலையை எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து போடுகிறவன் யார்?

ஒரு கூலியாளின் வயிறு சொன்ன சேதி

உயிரோடு இருக்கும் மனிதனின் வயிற்றுக்குள் நடப்பதை உலகம் விவரமாகத் தெரிந்துகொண்டது எப்படி? அதுவும் ஒரு தொழிலாளியின் உடம்பிலிருந்துதான்.

1822ஆம் ஆண்டு, அமெரிக்காவில் மாக்கினாக் என்ற தீவு. ரோம வியாபாரக் கம்பெனி ஒன்றில் கூலிக்கு உழைத்த அலெக்சி செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞன் மீது தவறுதலாகத் துப்பாக்கி வெடித்தது. அவன் பிழைத்துக்கொண்டான். ஆனால் இரைப்பையில் விழுந்த ஓட்டை மூடவே இல்லை. வைத்தியம் பார்த்த ராணுவ டாக்டர் வில்லியம் போமான்ட் அவனை வேலைக்காரனாக வைத்துக்கொண்டார். அவன் டாக்டர் வீட்டுக்கு விறகும் பிளந்தான். சோதனைக்கு வயிற்றையும் கொடுத்தான். பட்டு நூலில் உணவைக் கட்டி ஓட்டை வழியாக இறக்கி, எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று டாக்டர் பார்த்தார். அவனுக்குக் கோபம் வந்தபோது ஜீரணம் தடைப்படுவதையும் கண்டார். 1833இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். டாக்டருக்குப் பெரும் புகழ் கிடைத்தது. செயின்ட் மார்ட்டின் கடைசிவரை ஏழையாகவே இருந்தான்.

அந்த நூற்றாண்டின் கடைசியில் வால்டர் கேனன் என்ற அமெரிக்க விஞ்ஞானி பூனைகளுக்கு உணவு கொடுத்து, எக்ஸ்ரே கதிரில் இரைப்பையைப் பார்த்தார். அமைதியாக இருந்த பூனையின் இரைப்பை ஒழுங்காக அசைந்து உணவை அரைத்தது. பூனை மிரண்டதும், சீறியதும், அசைவு நின்றுபோயிற்று!

காரணம் லேசானது. ஆபத்து வந்துவிட்டது என்று உடம்பு நினைத்தால், ஓடவோ சண்டை போடவோ தயாராகிறது. ரத்தம் கை கால்களுக்குப் பாய்கிறது. வாய் உலர்கிறது. இரைப்பை வேலையை நிறுத்துகிறது. புலியைக் கண்டவனுக்கு இது நல்லதுதான். புலி போய்விட்டால் வயிறு மறுபடி வேலையைத் தொடங்கும்.

ஆனால் புலி போகாமல் ஷிப்ட் முழுவதும் பின்னாலேயே நின்றால்? அது சூப்பர்வைசர் வடிவத்தில் நின்றால்? தவணைக்காரன் வடிவத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால்? உப்புசமும் நெஞ்செரிச்சலும் வராமல் என்ன செய்யும்? ஒருவனுக்கு மலச்சிக்கல், இன்னொருவனுக்கு அடிக்கடி பேதி. இதுதான் நம் வயிற்றின் கதை.

பழியை நம் தலையில் போட்டார்கள்

இன்னொரு விஷயமும் கேளுங்கள். வயிற்றுப் புண் வந்தவனைப் பார்த்து உலகமே பல காலம் என்ன சொன்னது? "உனக்குக் கவலை அதிகம், காரம் அதிகம்" என்றது. குற்றம் நோயாளியின் மனதிலும் நாக்கிலும் இருப்பதாகத் தீர்ப்பு எழுதியது.

1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரு டாக்டர்கள் இரைப்பையில் வாழும் ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது அதன் பெயர். வயிற்றுப் புண்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலகாரணம் அதுதான் என்றார்கள். டாக்டர்கள் உலகம் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார்! 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் கிருமி அதிகமாகப் பரவுவது எங்கே? ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் முடங்கும் குடியிருப்பில். சுத்தமான தண்ணீரும் கழிப்பிடமும் இல்லாத தெருவில். அதாவது நம் தெருவில்!

புண்ணுக்கு இன்னொரு பெரிய காரணம் வலி மாத்திரை. எட்டு மணி நேரம் நின்ற காலுக்கும், நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்ட இடுப்புக்கும் என்ன மருந்து? பெட்டிக்கடையில் வாங்கும் மாத்திரைதான். டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளை நாள்தோறும் விழுங்கினால் இரைப்பையில் புண் விழும், ரத்தமும் கசியும். மனக்கவலை புண்ணின் வேதனையைக் கூட்டும், ஆறவிடாமல் தடுக்கும். ஆனால் கவலை ஒன்றையே காட்டிக் கிருமியையும் மாத்திரையையும் மறைப்பது மோசடி.

ஆகவே தோழர்களே, வயிறு எரிந்தால் "எல்லாம் மனசுதான்" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கிருமி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் இரண்டு வாரம் போல மருந்து சாப்பிட்டுப் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். மலம் தார் போலக் கறுத்துப் போனாலும், ரத்த வாந்தி எடுத்தாலும் அன்றைக்கே ஓடுங்கள். சோறு இறங்காமல் அடைத்தாலும், காரணமில்லாமல் உடம்பு இளைத்தாலும் நாள் கடத்தாதீர்கள்.

சட்டத்தில் இருந்த அரை மணி

பஞ்சாலைச் சாப்பாட்டை நீங்கள் அறியாததா? பிரேம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒருவர் சாப்பிடப் போனால் பக்கத்து ஆள் இரண்டு பேர் வேலையையும் பார்க்க வேண்டும். தூக்குப்போசியைத் திறந்து நாலு வாய் அள்ளிப் போடுவதற்குள் நூல் அறுந்து கிடக்கும். மேஸ்திரி குரல் கேட்கும். மென்று தின்ன எங்கே நேரம்? விழுங்கத்தான் நேரம்! நைட் ஷிப்டில் இன்னும் கொடுமை. ராத்திரியில் உடம்பின் கடிகாரம் வயிற்றை ஓய்வுக்கு அனுப்புகிறது. அந்த நேரத்தில் சோறும், தூக்கம் விரட்ட டீயும் உள்ளே போகின்றன. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறினால் அந்தக் கடிகாரமே கெட்டுப்போகிறது.

இது புதிய திருட்டு அல்ல. இங்கிலாந்தின் ஆலை இன்ஸ்பெக்டர்கள் தொழிலாளியின் சாப்பாட்டு வேளையிலிருந்து முதலாளிகள் நிமிஷம் நிமிஷமாகத் திருடியதை அறிக்கை அறிக்கையாக எழுதி வைத்தார்கள். 1867இல் வெளிவந்த 'மூலதனம்' நூலில் மார்க்ஸ் அந்த அறிக்கைகளை எடுத்துக்காட்டினார். ஒரு ஆளிடம் ஐந்து நிமிஷம் திருடினால் அற்பம். ஆயிரம் ஆளிடம், வருஷம் முழுதும் திருடினால்? அதற்குப் பெயர் லாபம்!

நம் நாட்டில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் என்ன சொன்னது? ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, அதற்குள் அரை மணியாவது ஓய்வு தர வேண்டும் என்றது. அது 55ஆம் பிரிவு.

2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் ஒரு திருத்த மசோதா நிறைவேறியது. வேலை நேரம் பற்றிய பல பிரிவுகளிலிருந்து ஆலைகளுக்கு விலக்குத் தரும் அதிகாரத்தை அது சர்க்காருக்கு அளித்தது. ஊரெல்லாம் பேசியது 12 மணி நேர வேலையைப் பற்றி. ஆனால் விலக்குப் பட்டியலில் 55ஆம் பிரிவும் இருந்தது! நம் சோற்று வேளையும் அந்தப் பட்டியலில் இருந்தது! தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்தன. அவ்வாண்டு மே தினத்தன்று மசோதா வாபஸ் ஆனதாக முதலமைச்சர் அறிவித்தார்.

அத்தோடு முடிந்ததா? இல்லை. 2025 நவம்பர் 21 அன்று மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்தது. பழைய சட்டத்தில் அரை மணி என்று சட்டத்தின் வாசகத்திலேயே இருந்தது. புதிய தொகுப்பிலோ, இடைவேளை எவ்வளவு என்பதை சர்க்கார் அறிவிக்கை மூலம் வகுக்கும் என்று இருக்கிறது. சட்டமன்றத்தில் கூடி மாற்ற வேண்டியதை ஒரு காகிதத்தால் மாற்றிவிட வழி திறந்திருக்கிறது. விழித்திருக்க வேண்டிய இடம் இதுதான்!

வயற்காட்டில் சட்டமும் இல்லை

ஆலைத் தொழிலாளிக்கு ஏட்டிலாவது அரை மணி இருந்தது. விவசாயத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. விடியுமுன் எழுந்து சமைத்து, எல்லோருக்கும் போட்டு, தான் வெறும் நீராகாரத்தோடு நடவுக்கு ஓடுகிறாள் நம் சகோதரி. வயலருகே கழிப்பிடம் இல்லை. ஆகவே தண்ணீர் குடிக்கவே பயப்படுகிறாள். குடிக்காததால் மலச்சிக்கலும் நீர்க்கடுப்பும். "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று உபதேசி சொல்கிறாரே, குடித்துவிட்டு எங்கே ஒதுங்குவாள்?

வேலை இல்லாத மாதங்களில் குழுக்கடன். வாரத் தவணைக்கு ஆள் வரும் நாளில் அந்த வீட்டில் யாருக்குச் சோறு இறங்கும்? மிரட்டிக் கடன் வசூலிப்பதைத் தடுக்க 2025இல் தமிழகச் சட்டமன்றம் ஒரு சட்டம் செய்தது. நல்லது. ஆனால் அவமானத்துக்குப் பயந்து தனியாக அழுகிற பெண்ணுக்கு ஏட்டில் உள்ள சட்டம் துணை வராது. சங்கமாகச் சேர்ந்து நிற்கிற பெண்களுக்குத்தான் அது ஆயுதமாகும்.

நாம் கேட்பது என்ன?

மூச்சுப் பயிற்சி செய்யாதே என்று நாம் சொல்லவில்லை. செய்யுங்கள். புகையிலையையும் சாராயத்தையும் விடுங்கள். இரண்டும் வயிற்றைத் தின்கின்றன. ஆனால் உபதேசத்தோடு முடிந்துவிட்டது என்று நிர்வாகம் கை கழுவ விடாதீர்கள்.

அரை மணிக்குக் குறையாத சாப்பாட்டு இடைவேளை வேண்டும். அந்த நேரத்தில் வேலையைப் பார்க்க மாற்று ஆள் வேண்டும். உட்கார்ந்து உண்ண இடமும், சுடச்சுடச் சோறு போடும் கேண்டீனும் வேண்டும். கேட்டு அனுமதி வாங்காமல் போகும் கழிப்பிடம் வேண்டும். ஷிப்ட் மாற்றத்துக்கு ஒழுங்கான முறை வேண்டும். வயலில் நிழலும், குடிதண்ணீரும், மறைவிடமும் வேண்டும். கடன் வாங்காமல் வாழும் அளவுக்குக் கூலி வேண்டும்.

இவை சங்கக் கோரிக்கைகள் மட்டுமல்ல, வயிற்று வைத்தியமும் இதுதான்! அடுத்த முறை உபதேசி வரும்போது மரியாதையாக உட்கார்ந்து கேளுங்கள். முடிந்ததும் ஒருவர் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, நீங்கள் சொன்னதெல்லாம் சரி. மென்று சாப்பிட எங்களுக்கு எத்தனை நிமிஷம் தருவீர்கள்?"

அந்தக் கேள்வியை ஒருவர் கேட்டால் மேஸ்திரி முறைப்பான். எல்லோரும் சேர்ந்து கேட்டால் நிர்வாகம் பதில் சொல்லியே தீர வேண்டும்!