ஏஐ கணக்குப் போடும். செலவை நாம்தான் எழுத வேண்டும்

பி.எம். கிசான் உதவித்தொகை குறித்த கேள்விகளுக்குப் பதில் சொல்ல 'கிசான் இ-மித்ரா' சேவையை மத்திய அரசு 2023-ல் தொடங்கியது. படத்தை வைத்துப் பூச்சியை அடையாளம் காட்டும் தேசிய பூச்சிக் கண்காணிப்பு அமைப்பு 2024 ஆகஸ்டில் வந்தது. இவை போக, தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் தரும் ஏஐ செயலிகளும் செல்போனில் இலவசமாகக் கிடைக்கின்றன. விளைபொருளை மதிப்புக்கூட்டி விற்பவர்கள் விலை வைக்கவும், லேபிள், விளம்பரம் எழுதவும் இவற்றைப் பயன்படுத்தலாம். ஆனால், பலன் நம் பழக்கத்தைப் பொறுத்தது.

மரச்செக்கு கடலை எண்ணெயை எடுத்துக்கொள்வோம். 100 கிலோ பருப்பு, கிலோ 130 ரூபாய் வீதம் 13,000 ரூபாய். ஆட்டுக்கூலி, பாட்டில், போக்குவரத்து 1,800 ரூபாய் என வைப்போம். 55 கிலோ புண்ணாக்கை 40 ரூபாய்க்கு விற்றால் 2,200 ரூபாய் கழியும். மீதி 12,600 ரூபாய். 40 கிலோ எண்ணெய் கிடைத்தால் கிலோவுக்கு அடக்கவிலை 315 ரூபாய். ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம் என்பதால், லிட்டருக்கு 287 ரூபாய்.

300 ரூபாய்க்கு விற்றால் லாபம் என்றே ஏஐ சொல்லும். பருப்பைக் காயவைத்து, கல் பொறுக்கி, பாட்டிலில் நிரப்பிய வீட்டார் இருவரின் ஒரு நாள் கூலி 1,000 ரூபாயைச் சேர்த்தால் அடக்கவிலை 309 ரூபாய். உண்மையில் லிட்டருக்கு 9 ரூபாய் நஷ்டம். நாம் சொல்லாத செலவு ஏஐக்குத் தெரியாது.

எனவே மூன்று பழக்கங்கள் வேண்டும்:

1. வீட்டார் உழைப்பு உட்பட எல்லாச் செலவையும் அன்றன்றே நோட்டில் எழுதுங்கள்.

2. கேட்கும்போது அளவு, விலை, கிலோவா லிட்டரா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். வந்த கணக்கை கால்குலேட்டரில் ஒருமுறை சரிபாருங்கள்.

3. ஆதார் எண், வங்கி விவரம், ஓடிபி எதையும் செயலியில் பதிவிடாதீர்கள்.

பூச்சிமருந்து விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. ஏஐ சொல்லும் மருந்து நம் பயிருக்கு அனுமதிக்கப்படாததாக இருக்கலாம், அளவும் தவறலாம். தவறான மருந்தால் பணமும் பயிரும் போகும். தெளிப்பவர் உயிருக்கும் ஆபத்து. டப்பாவுடன் வரும் துண்டுப்பிரசுரத்தில் உங்கள் பயிரின் பெயர் உள்ளதா என்று பார்த்த பிறகே தெளியுங்கள். சந்தேகம் இருந்தால் வேளாண் உதவி அலுவலரிடமோ, 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மைய இலவச எண்ணிலோ கேளுங்கள்.