நோயாளியா, வாடிக்கையாளரா?

கைத்தொலைபேசியே இனி வைத்தியசாலை என்று கொழும்பில் கொண்டாடுகிறார்கள். வரிசை வேண்டாம், பஸ் வேண்டாம், விரலால் தொட்டால் போதுமாம். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பாடம் சொல்லும் நாம் கேட்கவேண்டிய கேள்வி, பணம் கொடுக்கும் கை யாருடையது என்பதே.

இந்த வாணிபத்தின் இலக்கணம் எளிது. மொபிட்டலுக்குச் சொந்தமான இ-செனலிங்கும், டயலொக் குழுமம் வளர்த்த டொக் 990-உம் வைத்தியரிடம் நேரம் குறித்துத் தருகின்றன. வைத்தியரின் கட்டணம், மருத்துவமனையின் கட்டணம், அவற்றின்மேல் பதிவுக் கட்டணம். நோய் பெருகினால் பதிவு பெருகும். பதிவு பெருகினால் இலாபம் பெருகும். இதில் மோசடி ஏதுமில்லை. கடை கடையாகத்தான் நடக்கிறது. ஆனால் கடைக்கு வாடிக்கையாளர் வேண்டும். 2024 செப்டெம்பர் வர்த்தமானி தோட்டத் தொழிலாளியின் நாட்கூலியை 1350 ரூபாயாக்கியது. கொழுந்து நிறை குறையும் நாளில் அதுவும் அரைப் பேராகிவிடும். அந்தத் தாய் எந்தக் கடையின் வாடிக்கையாளர்?

சென்ற ஆண்டு என் மாணவி ஒருத்தி, தாயின் நீங்காத இருமலுக்காகத் தன் கைத்தொலைபேசியில் நேரம் குறித்தாள். குறித்த நாளில் தாய் மலைக்குப் போய்விட்டார். "பேர் போனா யாரு சேர் தருவாங்க?" என்று பிள்ளை என்னிடம் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. செயலிக்கும் தெரிந்திருக்காது.

தொழிலாளியின் உடல்நலம் வெள்ளையர் காலந்தொட்டுத் தோட்டக் கணக்கில் ஒரு செலவாகவே எழுதப்பட்டு வந்தது. 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் சட்டம் கருணையில் பிறந்ததன்று. செத்த கூலி கொழுந்து பறிக்கமாட்டான் என்ற கணக்கில் பிறந்தது. 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் சென்ற பிறகும் அந்தக் கணக்குப்புத்தகம் மாறவில்லை. இன்று நோயையே வருமானப் பக்கத்தில் எழுதும் புதிய கணக்கர்கள் வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வேறுபாடு.

விஞ்ஞானத்தை எதிர்க்கிறாயா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இல்லை. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையைப் பாருங்கள். இந்திய அரசின் நன்கொடையுடன் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பின்னர் நாடெங்கும் பரவியது. அருகிலுள்ள வண்டியைத் தேடி அனுப்புவதற்கு அதுவும் இதே நவீனக் கருவிகளைத்தான் பயன்படுத்துகிறது. ஏறுகிறவரிடமோ ஒரு சதமும் கேட்பதில்லை. இந்தியாவின் இ-சஞ்சீவனியில், கிராமச் சுகாதார நிலையத்து ஊழியர் நோயாளியின் பக்கத்தில் இருந்து, தொலைவிலுள்ள வைத்தியரோடு பேசவைக்கிறார். அதுவும் இலவசம். கருவி ஒன்றே, உடைமைதான் வேறு.

டிக்கோயாவில் 2017இல் 150 படுக்கைகளுடன் புதிய வைத்தியசாலைக் கட்டடம் திறக்கப்பட்டது. அங்குள்ள வைத்தியரையும் தோட்ட மருந்தகத்தையும் ஒரு திரையால் இணைக்க முடியாதா? பக்கத்தில் தமிழ் பேசும் தாதி ஒருவர் இருக்கட்டும். மருந்து அங்கேயே கிடைக்கட்டும். செலவைக் கம்பெனியும் அரசும் ஏற்கட்டும். வைத்தியரிடம் செலவிடும் நேரத்துக்கும் பேர் போடட்டும். தொழிற்சங்கங்கள் இதனை அடுத்த சம்பளப் பேச்சிலேயே எழுப்பலாம். கூலியோடு சேர்த்துப் பேசவேண்டிய விஷயம் இது.