செவிடன் காதில் சங்கு

செவிடன் காதில் ஊதிய சங்கு என்னும் பழமொழியைச் சொல்லிச் சிரிப்பதில் நம்மவர்க்குள்ள இன்பம் கொஞ்சநஞ்சமன்று. சொல்வோருள் ஒருவரேனும் செவி கேளாதவர் கையிற் சங்கைப் பிடிக்கச் செய்து ஊதிப் பார்த்ததுண்டா? பார்த்திருந்தால் அதன் அதிர்வு விரல்வழி ஏறுவதை அவரே முகத்தாற் காட்டியிருப்பார். பழமொழியும் அன்றே செத்திருக்கும்.

ஒலியாவது அதிர்வு. அதனை வாங்கும் வாயில்களுள் செவி ஒன்று. தோலும் எலும்பும் பிற. ஸ்காத்லாந்து நாட்டு எவலின் கிளெனி அம்மையார் 12 வயதிற் செவிப்புலனைப் பெரும்பாலும் இழந்தவர். பள்ளி ஆசிரியர் முரசை முழக்க, இவர் இசையறைச் சுவரிற் கைவைத்து அதிர்வை இனங்காணப் பழகினார். வெறுங்காலோடு மேடையேறும் அவ்வம்மையாரே 2012 இல் இலண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஆயிரம் முரசறைவோர்க்கு முன்னின்றார். இவருக்கு எந்த முன்வினை வந்து மறித்தது?

இசையை அதிர்வாக்கி முதுகிலும் மார்பிலும் சேர்க்கும் சட்டைகள் இன்று வந்துள்ளன. உட்செவியிற் பொருத்தும் காக்லியர் கருவியோ பேச்சை உணர்த்தவே பெரிதும் ஆக்கப்பட்டது. அதில் தாளம் பிடிபடும் அளவுக்குச் சுருதி பிடிபடாது. கருவி பொருத்திய பிள்ளைக்குப் பாட்டுப் பிடிக்கவில்லையென்று கடிந்துகொள்ளும் பெற்றோர் இதனை அறிதல் வேண்டும்.

தாசேக் கெலுகோர்த் தோழர்களே! சட்டையின் விலை கேட்டு மலைக்க வேண்டா. உங்களிடம் உறுமி இருக்கிறது. வளைந்த குச்சியால் ஒரு பக்கத்துத் தோலைத் தேய்க்க எழும் அவ்வுறுமல் காதைவிட மார்பையன்றோ தாக்குகிறது! ஊர்வலத்தில் அதனருகே நடந்த எவரும் அறிவர். அப்படியிருக்க, "ஊமைப் பிள்ளைக்கு மேளம் எதற்கு?" என்று கூட்டத்தின் கடைசிக்குத் தள்ளுவது எந்த நியாயம்? பிள்ளையின் பெயரைக்கூடச் சொல்லாமல் ஊமை என்றே அழைக்கும் இழிவைத் தனியே பேசவேண்டும்.

பினாங்குத் தஞ்சோங் பூங்காவில் 1954 இலேயே செவிகேளாதார்க்குப் பள்ளி ஏற்பட்டுவிட்டது. 2008 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் சட்டம் மலேசியச் சைகை மொழியை அவர்தம் மொழியாக ஏற்றது. பண்பாட்டு வாழ்விற் பங்குகொள்ளும் உரிமையையும் வழங்கிற்று. அரசினர் ஏட்டில் எழுதிவிட்டனர். நம் உறுமிமேளக் குழுக்களின் பெயர்ப்பட்டியலில் அப்பிள்ளைகள் எத்தனை பேர்?

ஒத்திகைக்கு மரப்பலகை மேடை ஒன்று போடுங்கள். சிமிட்டித் தரையில் மடியும் அதிர்வு பலகையில் காலுக்கு ஏறும். தாளத்தை வாயாற் சொல்லாது கையாற் காட்டுங்கள். பிள்ளையை உறுமிக்கு முன்னே நிறுத்தி, தோல்மீது கையை வைக்கச் சொல்லுங்கள். அடுத்த திருவிழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது.