விடை அனுப்பாத டீச்சர்



உங்களில் பலருடைய பிள்ளைகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. பல்லுறுப்புக்கோவைப் பாடம் தொடங்கியதும் என் வாட்ஸ்அப்பில் நோட்டுப் பக்கங்கள் போட்டோவாக வந்து விழுகின்றன. "டீச்சர், இந்த மூணு கணக்குக்கும் விடை அனுப்புங்க, நாளைக்குக் காட்டணுமாம்." கேட்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் விடையை அனுப்புவதில்லை. அதில் சிலருக்கு வருத்தம் என்று தெரியும். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

விடைக்கு நான் எதற்கு? படம் பிடித்தால் வரிவரியாகப் போட்டுக் காட்டும் ஆப் இருக்கிறது. பிள்ளை அதைப் பார்த்து எழுதும், ரைட்டும் விழும். பரீட்சையில் எண் மாறி வந்தால் பேனா நகராது.

நான் எட்டாம் வகுப்பு வரை எடுத்தவள். ஆனாலும் தைரியமாகச் சொல்கிறேன், இந்தப் பாடம் உங்கள் பிள்ளைக்குச் சின்ன வகுப்பிலேயே தெரியும். 4352ஐ விரித்து எழுதச் சொல்லுவோமே, நினைவிருக்கிறதா? 4 ஆயிரம், 3 நூறு, 5 பத்து, 2 ஒன்று. ஆயிரம் என்பது 10³, நூறு என்பது 10². அந்தப் பத்தை எடுத்துவிட்டு எக்ஸ் வையுங்கள்: 4எக்ஸ்³ + 3எக்ஸ்² + 5எக்ஸ் + 2. அவ்வளவுதான் பல்லுறுப்புக்கோவை. இலக்கம் நின்ற இடத்தில் கெழு நிற்கிறது. ஆயிரம், நூறு என்ற இடத்தைப் படி சொல்கிறது.

எக்ஸ்² + எக்ஸ் = எக்ஸ்³ என்று எழுதாத பிள்ளை அபூர்வம். திட்டாதீர்கள். எக்ஸ் இருக்கும் இடத்தில் 10 போடச் சொல்லுங்கள். ஒரு பக்கம் 110, மறு பக்கம் 1000. பிள்ளையே சிரித்துவிடும். பெருக்கலுக்கும் இதே வைத்தியம். (எக்ஸ் + 2)(எக்ஸ் + 3) என்பது எக்ஸ்² + 5எக்ஸ் + 6 என்றால், 12ஐ 13ஆல் பெருக்கினால் 156 வரவேண்டும். வருகிறது. பொருந்தாவிட்டால் எங்கோ தப்பு என்பது நிச்சயம். பொருந்தினால் மட்டும் அவசரப்படாமல் இன்னொரு எண்ணையும் போட்டுப் பார்க்கட்டும்.

எல்லோரும் மாட்டிக்கொள்வது வகுத்தலில். எக்ஸ்³ + 1ஐ எக்ஸ் + 1ஆல் வகுக்கச் சொன்னால், எக்ஸ்³க்குப் பக்கத்திலேயே 1ஐ எழுதிவிட்டு வழி தெரியாமல் நிற்பார்கள். நடுவில் 0எக்ஸ்² + 0எக்ஸ் எழுத வேண்டும் என்று சார் சொல்லியிருப்பார், ஏன் என்று மனதில் ஏறியிருக்காது. ஆயிரத்து ஒன்றை எண்ணால் எழுதச் சொல்லுங்கள். 1001 என்று எழுதும். நடுவில் இருக்கும் இரண்டு பூச்சியத்தையும் விட்டால் 11 ஆகிவிடாதா? அதே பூச்சியங்கள்தான் இவை. இப்போது வகுத்தால் எக்ஸ்² − எக்ஸ் + 1. எக்ஸுக்கு 10 போட்டால் 100 − 10 + 1, அதாவது 91. 1001ஐ 11ஆல் வகுத்தாலும் 91தான். ஒரு பிள்ளைக்கு இதைக் காட்டியபோது என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கித் தானே போட்டுப் பார்த்தது.

"கோவையின் பூச்சியம் காண்க" என்றால் விடை 0 என்று எழுதுவதும் உண்டு. எந்த எண்ணைப் போட்டால் கோவையின் மதிப்பு பூச்சியமாகும் என்பதுதான் கேள்வி. எக்ஸ்² + 5எக்ஸ் + 6இல் −2 போட்டுப் பாருங்கள்: 4 − 10 + 6.

ஒரே ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் வருகிறது. பிள்ளையின் எதிரிலேயே "எனக்கும் கணக்கு வராது டீச்சர், இதுக்கும் வரல" என்கிறீர்கள். என்னிடம் படித்த உங்களுக்கு எது வந்தது, எது வரவில்லை என்று எனக்குத் தெரியாதா? பதினோராம் வகுப்பில் கணக்கு இல்லாத குரூப்பை விரும்பி எடுப்பது வேறு, பயந்து எடுப்பது வேறு. அந்தப் பயம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த பிறகு முளைப்பதில்லை. இந்த ஒன்பதாம் வகுப்பு நோட்டில், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே முளைக்கிறது.

ஆகவே போட்டோ அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளை தானே போட்டுப் பார்த்த பக்கமாக இருக்கட்டும், அடித்தல் திருத்தல் எல்லாம் அப்படியே தெரியட்டும். எந்த வரியில் நின்றுபோனது என்று அதன் குரலிலேயே வாய்ஸ் மெசேஜ் வரட்டும். சாயங்காலம் 6 மணிக்கு மேல் நான் சும்மாதான் இருக்கிறேன், சீரியல் பார்ப்பதில்லை.