ரெண்டாவது சைக்கிள் ஆடம்பரம் இல்லை

நம்ம ஹாஸ்டலுக்குப் பின்னால் இருக்கிற சைக்கிள் ஸ்டாண்டை ஒரு தடவை போய்ப் பாருங்க. போன வாரம் நான் நின்று எண்ணினேன். மொத்தம் 43 சைக்கிள். அதில் டயரில் காற்றோடு நின்றது 16 தான். மீதி 27-ம் பழைய சீனியர்கள் பூட்டிவிட்டுப் போனவை. சிலதுக்கு சீட் இல்லை. ஒன்றின் மேல் கொடி படர்ந்திருக்கு. சாவி யாரிடம் இருக்கிறது என்று வாட்ச்மேன் அண்ணனுக்கும் தெரியவில்லை.

அதே வாரம் எங்கள் கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தன், "சைக்கிள் பஞ்சர்டா, ஃபர்ஸ்ட் ஹவர் வர முடியாது" என்று மெசேஜ் போட்டான். இந்த ரெண்டையும் சேர்த்துப் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று: தினமும் சைக்கிளில் காலேஜ் வருகிறவருக்கு ஒரு சைக்கிள் போதாது. ஸ்பேர் ஒன்று வேண்டும்.

"ஒண்ணை நிறுத்தவே வீட்டுல இடமில்ல, இதுல ரெண்டா?" என்று நீங்க கேட்பது புரியுது. மூணாவது செமஸ்டர் வரை நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் வீடு ஸ்ரீரங்கம். காவிரிப் பாலம் தாண்டி காலேஜ் வர 9 கிலோமீட்டர். மூணாவது செமஸ்டரில் மாடல் ப்ராக்டிகல், காலை 9 மணிக்கு. 8 மணிக்கு வெளியே வந்தால் பின் டயர் தரையோடு ஒட்டிக் கிடக்கு. முதல் நாள் ராத்திரி நன்றாக இருந்த டயர். எங்கேயோ ஏறின கருவேல முள் ராத்திரி முழுக்க மெதுவாகக் காற்றை இறக்கியிருக்கு. தெரு முனையில் உள்ள சைக்கிள் கடை 9.30-க்குத்தான் திறக்கும். பஸ் ஸ்டாப்புக்கு ஓடி, ரெண்டு பஸ் மாறி, லேபுக்குள் நுழையும்போது மணி 9.50. உள்ளே விட்டார்கள். ஆனா ரீடிங் எடுத்து முடிக்கிறதுக்குள் நேரம் போச்சு. கிராஃப் போடவே இல்லை. அந்த மார்க் இன்னமும் என் கன்சாலிடேட்டட் ஷீட்டைப் பார்க்கும்போது உறுத்துது.

அன்று சாயங்காலம் அப்பா சொன்னார், "பேசாம ஒரு வண்டி எடுத்துடலாம். மாசா மாசம் டியூ கட்டிக்கலாம்." எங்க வீட்டில் ஏற்கெனவே என் எஜுகேஷன் லோன் இருக்கு. ஒரு முள்ளுக்காக ரெண்டாவது கடனா? நம்மில் பலர் சைக்கிளை விட்டது இப்படித்தான் என்று நினைக்கிறேன். மிதிக்க முடியாமல் விட்டவர்கள் குறைவு. ஒரு முக்கியமான நாளில் அது காலை வாரிவிட்டதும் நம்பிக்கை போய்விடுது.

கொல்லையில் தாத்தாவின் சைக்கிள் நின்றது. கருப்பு கலர், 28 இன்ச், நடுவில் பார் வைத்தது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு அவர் அதில்தான் போய் வந்தார். நான் குரங்கு பெடல் போட்டுப் பழகியதும் அதில்தான். அதைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனேன். ரெண்டு டயர், ரெண்டு டியூப், ஒரு செயின், பிரேக் கட்டை, ஓவராயில் என்று மொத்தம் 1,850 ரூபாய் ஆச்சு. ஓவராயில் என்றால் எண்ணெய் விடுவது மட்டும்தான் என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். முழுக்கப் பிரித்து, கழுவி, பால்ஸ் மாற்றி, கிரீஸ் வைத்து மாட்டுகிற ஓவர்ஹால்தான் கடைக்காரர் வாயில் அப்படி வந்திருக்கு.

இப்போ கொஞ்சம் கணக்கு. ரிலையபிலிட்டி எலக்டிவ் எடுத்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். சைக்கிள் என்பது ஒரு சீரியஸ் சிஸ்டம். டியூப், செயின், ஃப்ரீவீல், பெடல், பிரேக், இதில் எது போனாலும் மொத்தமும் நின்றுவிடும். மாசத்துக்கு 20 காலேஜ் நாளில் ஒரு நாள் சைக்கிள் மக்கர் பண்ணும் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 180 நாள் என்றால் நாலு வருஷத்தில் 720 நாள். அதில் 36 நாள் நீங்க மாட்டிக்குவீங்க. ஸ்பேர் ஒன்றை வைத்தால் அது பேரலல் சிஸ்டம். ரெண்டும் ஒரே நாளில் படுத்துக்கொள்ள வாய்ப்பு 20-ல் 1 பெருக்கல் 20-ல் 1, அதாவது 400-ல் 1. 720 நாளில் ரெண்டு நாள்கூட வராது. 75 சதவீத அட்டெண்டன்ஸை எண்ணி எண்ணி ஓட்டுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும்.

ஆனா இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கு. ரெண்டும் ஒன்றோடு ஒன்று சம்பந்தமில்லாமல் கெட்டுப்போனால்தான் பெருக்கலாம். ரெண்டு சைக்கிளையும் ஒரே மழையில் நனையவிட்டால் ரெண்டு செயினும் சேர்ந்துதான் துருப்பிடிக்கும். ரெண்டு சாவியையும் ஒரே வளையத்தில் கோர்த்துத் தொலைத்தால் ரெண்டு சைக்கிளும் போச்சு. அதனால் சாவியைத் தனித்தனியாக வைங்க. ஒன்றையாவது கூரைக்குக் கீழே நிறுத்துங்க.

அடுத்த தப்பு நானே செய்தேன். ஸ்பேர்தானே என்று தாத்தா சைக்கிளை ரெண்டு மாசம் தொடவே இல்லை. தேவைப்பட்ட அன்று பார்த்தால் ரெண்டு டயரிலும் காற்றில்லை. பஞ்சரும் இல்லை. டியூப் ரப்பர் வழியாகவே காற்று கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். நம்ம ஊர் சைக்கிளில் வால்வுக்குள் இருக்கிற சின்ன வால்டியூப்பும் நாளானால் காய்ந்து வெடித்துவிடும். கடைக்கார அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, ஓட்டற சைக்கிளைவிட நிக்கற சைக்கிள்தான் சீக்கிரம் கெடும்." ஹாஸ்டல் ஜெனரேட்டரைக் கரண்ட் இருக்கும்போதே அப்பப்போ ஓடவிட்டுப் பார்ப்பதும் இதற்குத்தான். அதிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் தாத்தா சைக்கிளில்தான் வருகிறேன். ஆடி மாசக் காற்றில் காவிரிப் பாலத்தில் அந்த இரும்பை மிதிப்பது சுகமில்லைதான். ஆனா அது ஓடும் என்று எனக்குத் தெரியும்.

"எதுக்கு ஸ்பேர், பஞ்சர் ஒட்டக் கத்துக்கலாமே?" என்று கேட்டால், கத்துக்கோங்க. டியூபை வாளித் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிற இடத்தைப் பார்த்து, தேய்த்து, சொல்யூஷன் தடவி, கொஞ்சம் காயவிட்டு, ஒட்டுப் போட வேண்டும். பழகினால் அரை மணி நேரம். பாதி வழியில் பஞ்சரானால் இதுதான் உதவும். வீட்டில் நிற்கிற ஸ்பேர் அங்கே வராது. ஆனா ரிம் பெண்டு எடுக்கணும், ஃப்ரீவீல் மாத்தணும் என்றால் சைக்கிள் ஒரு நாளாவது கடையில் தங்கும். அந்த நாளுக்குத்தான் ஸ்பேர். அது இல்லாததால்தான் நாம் ரிப்பேரைத் தள்ளிப்போட்டு, தேய்ந்த பிரேக்கோடு பாலத்தில் இறங்குகிறோம். இதை நான் பாதுகாப்பு விஷயமாகவும் பார்க்கிறேன்.

பஸ் இருக்கே என்றால், பொருந்துகிறவர்களுக்கு அதுவே சரியான ஸ்பேர். 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. பஸ் ஸ்டாப் பக்கத்தில் இருக்கிற தோழிகளுக்கு இன்னொரு சைக்கிள் தேவையே இல்லாமல் இருக்கலாம். நான் பேசுவது பஸ் ரூட்டுக்கு உள்ளே தள்ளி இருக்கிறவர்களைப் பற்றி.

ரெண்டு சைக்கிள் பணக்காரப் பழக்கமும் இல்லை, விசித்திரமும் இல்லை. நெதர்லாந்தில் மக்கள் தொகையைவிட சைக்கிள்கள் அதிகம். வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை ஒன்று, ரயிலில் போய் இறங்குகிற ஸ்டேஷனில் பழசாக இன்னொன்று என்று வைத்திருப்பவர்கள் அங்கே உண்டு. ஊட்ரெக்ட் ரயில் நிலையத்துக்குக் கீழே 12,500 சைக்கிள் நிறுத்த இடம் கட்டியிருக்கிறார்கள். அங்கேயும் ரெண்டாவது சைக்கிள் என்பது பெரும்பாலும் பழைய, கீறல் விழுந்த சைக்கிள்தான். புதுசு வாங்கச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

புதுசு எதற்கு? ஸ்டாண்டில் 27 சும்மா நிற்குதே. அதில் சில, பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள்கள். கலரைப் பார்த்தாலே தெரியும். யாரோ ஒருத்தரைப் பள்ளிக்கும் அப்புறம் காலேஜுக்கும் கொண்டுவந்து சேர்த்த சைக்கிள், இங்கே பூட்டோடு மக்குது.

அதனால் என் யோசனை இது. முதலில், அந்த 27 சைக்கிளிலும் ஒரு நோட்டீஸ் கட்டுவோம், அலும்னி குரூப்பிலும் போட்டோ போடுவோம். ஒரு மாசம் டைம். யாரும் கேட்டு வராவிட்டால் ஹாஸ்டல் ஆபீஸில் அனுமதி வாங்கிப் பூட்டை வெட்டுவோம். 27-ம் தேறாது. ரெண்டைப் பிரித்து ஒன்று செய்தால்கூடப் பத்துப் பன்னிரண்டு ஓடும். அப்புறம், அதை எல்லோருக்கும் பொது என்று விடக்கூடாது. விட்டால் மூணே மாசத்தில் பழைய கதைதான். ஒரு ஸ்பேருக்கு நாலு பேர், பெயரோடு. அந்த நாலு பேரும் வாரத்துக்கு ஒருத்தர் என்று முறை வைத்து ஓட்டணும், காற்றும் எண்ணெயும் அவர்கள் பொறுப்பு. சாவி வாட்ச்மேன் அறையில், பக்கத்தில் ஒரு நோட்டு.

கடைசியாக ஃபைனல் இயர் மக்களுக்கு, அதாவது எனக்கும் சேர்த்து. ஏப்ரலில் கிளம்புகிற அவசரத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டு "அப்புறம் வந்து எடுத்துக்கலாம்" என்று சொல்லாதீங்க. நாம வரமாட்டோம். அந்த 27 பேரும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்க. நான் வேலைக்கு வேற ஊர் போகிறேன். தாத்தா சைக்கிள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று அம்மா சொல்லிட்டாங்க. நான் தினமும் ஓட்டுகிற சைக்கிளை, திருவானைக்காவலிலிருந்து வருகிற ஒரு செகண்ட் இயர் தம்பிக்கு ஸ்பேராகக் கொடுக்கப் போகிறேன். சாவியை இப்பவே கொடுத்தாச்சு.

வருகிற சனிக்கிழமை காலை 7 மணிக்கு ஸ்டாண்டில் இருப்பேன். பம்பும் ஸ்பேனர் செட்டும் என் கிட்ட இருக்கு. வால்டியூப் மட்டும் யாராவது ஒரு முழம் வாங்கிட்டு வாங்க.