லேட்டஸ்ட் ரெட்ரோ

குறிகட்டுவான் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். ஆர்ஜென்டினாவும் பிரேசிலும் சீற்றில் இருக்கும். சனம் நின்றுகொண்டு போகும். இப்போது பொடியளுக்குப் புது ஜேர்சி பிடிப்பதில்லை. முப்பது, நாற்பது வருசத்துக்கு முந்தியதுதான் வேண்டுமாம். அதற்கு 'ரெட்ரோ' என்று ஒரு பெயரும், கூடுதல் விலையும்.

போடட்டும். போடுவதைச் சரியாகப் போட வேண்டாமா? யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் 'மரடோனா எண்பத்தாறு' என்று ஒன்றை விரித்துக் காட்டினான் பொடியன். சின்னத்துக்கு மேலே மூன்று நட்சத்திரம்.

"தம்பி, மூன்றாவது நட்சத்திரம் 2022இல கட்டாரில வெண்டதுக்கெல்லே?"

"ஓம் ஐயா, இது லேட்டஸ்ட் ரெட்ரோ."

லு கொக் ஸ்போர்ட்டிவ் நிறுவனத்தின் சேவல் இருக்க வேண்டிய இடத்தில் அடிடாஸ் கோடுகள். துணியைத் தொட்டாலே வேர்க்கிறது.

உண்மையான எண்பத்தாறின் கதையே வேர்வையில் தொடங்கியதுதான். உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்தோடு காலிறுதி. நீல ஜேர்சி போட வேண்டிய ஆட்டம். கையில் இருந்த நீலமோ பாரமான துணி. மெக்சிக்கோ நகரத்து மத்தியான வெயிலுக்குச் சரிவராது. பயிற்றுநர் பிலார்டோ ஆளனுப்பி, அந்த நகரத்துக் கடைகளில் மெல்லிய நீலச் சட்டைகளைத் தேடி எடுப்பித்தார். அவசர அவசரமாகச் சின்னத்தைத் தைத்து, பளபளக்கும் வெள்ளி இலக்கங்களை அயன் பண்ணி ஒட்டி, 1986 ஜூன் 22ஆம் திகதி இறங்கினார்கள். மரடோனா கையால் போட்ட கோலும், பாதி மைதானத்தை வெட்டிக்கொண்டு போய்ப் போட்ட கோலும் அந்தக் கடைச் சட்டையில்தான். ஆட்டம் முடிந்ததும் அதை மாற்றி வாங்கிய இங்கிலாந்து வீரர் ஸ்டீவ் ஹொட்ஜ் பத்திரமாக வைத்திருந்தார். 2022இல் ஏலத்தில் 71 லட்சம் பவுணுக்குப் போனது.

பிரேசிலின் மஞ்சளைப் போட்டுக்கொண்டு திரிகிறவனிடம், முதலில் அவர்கள் போட்டது வெள்ளை என்று சொன்னால் நம்பமாட்டான். 1950 உலகக் கிண்ணத்தில் சொந்த மண்ணில் உருகுவேயிடம் தோற்ற பிறகு வெள்ளையைக் கைவிட்டார்கள். 1953இல் ஒரு பத்திரிகை போட்டி வைத்தது. கொடியிலுள்ள நாலு நிறமும் வர வேண்டும் என்பது நிபந்தனை. வென்ற அல்டீர் ஷ்லீக்கு வயது 19, ஊர் உருகுவே எல்லையோரம். பகிடி என்னவென்றால், அவர் மனம் வைத்திருந்த அணியே உருகுவேதான்.

ஊரான் சட்டைக்கு இவ்வளவு கதை. எங்கள் நாட்டுச் சட்டை எங்கே? பாரிஸில் இருக்கிற மருமகன் கேட்கிறான்: "மாமா, பழைய சிலோன் ஜேர்சி ஒண்டு எடுத்து அனுப்புங்கோ." 2018இல் லண்டனில் நடந்த, பீபாவில் இல்லாத அணிகளுக்கான கோனிஃபா போட்டியில் புலம்பெயர்ந்த பிள்ளைகள் தமிழீழ அணியாக ஆடினார்களே, அந்த ஜேர்சி அவனிடம் இருக்கிறது. பக்கத்தில் இதையும் வைக்க வேண்டுமாம். 1972 வரைக்கும் சிலோன் என்ற பெயரில் ஆடிய நாடு; 1952இலேயே பீபாவில் சேர்ந்த நாடு. சிலோன் இல்லாவிட்டால், 1995இல் கொழும்பில் இந்தியாவை 1–0 என்று வென்று சார்க் தங்கக் கிண்ணம் எடுத்த அணியின் ஜேர்சியாவது கிடைக்குமா என்று அந்தக் கடையில் கேட்டேன். "அது ஓடாது ஐயா" என்றான் கடைக்காரப் பொடியன். தைத்தே பார்க்காமல் ஓடாது என்று எப்படித் தெரியும்?

சட்டையை வைத்திருக்கவில்லை என்று எங்கள் பழைய சனத்தைக் குறை சொல்ல வாய் வராது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தீவகத்தை விட்டு வெளிக்கிட்டவர்கள் உறுதியையும் நகையையும் எடுத்துக்கொண்டு ஓடினார்களே தவிர, உதைபந்தாட்டச் சட்டையையா எடுப்பார்கள்? கொழும்பில் அந்தக் கிண்ணத்தைத் தூக்கியபோது இங்கே பாதி வீடுகளில் விளக்கில்லை.

ஆனால் இன்றைக்கு என்ன சாட்டு? ஊர்காவற்றுறையில், வேலணையில், புங்குடுதீவில் ஒவ்வொரு ஞாபகார்த்தக் கிண்ணத்துக்கும் புதுச் சட்டை அடிக்கிறார்கள். நெஞ்சில் அமரரின் பெயர். முதுகில் 'அனுசரணை: சுவிஸ் வாழ் குடும்பத்தினர்'. யார் செத்தார், யார் எந்த நாட்டுக்குப் போனார், யார் காசு அனுப்பினார் என்று ஊரின் சரித்திரம் முழுக்க அந்தத் துணியில் இருக்கிறது. அடுத்த மாரிக்குள் அது வள்ளத்து எஞ்சின் துடைக்கப் போய்விடும். மிஞ்சினால் தோட்டத்தில் வெருளிக்கு.

ஆகப் பெரிய வேலை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சுற்றுப்போட்டிக்கு ஒரு சட்டை. திகதியை ஒரு துண்டில் எழுதிக் குத்தி, சனசமூக நிலையத்து அலுமாரியில் வையுங்கள். இதைக் கழகக் கூட்டத்தில் சொன்னேன், எல்லோரும் தலையாட்டினார்கள். மற்றக் கிழமை ஒரு சட்டை வந்து சேர்ந்தது, சேறும் வேர்வையுமாய். தோய்த்துவிட்டு வைக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு கூட்டம் கூட்ட வேண்டும் போல.